விரல் அளவு டிரைவ் வாங்கப் போகிறீர்களா?

(முன்னாள் மாணவர் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



இரண்டு மாதத்துக்கு முன்னால் நம் சங்கச் செயலாளர் அண்ணன் எனக்குப் போன் செய்து, "பசங்களுக்கு உபயோகமா ஏதாவது பேசுப்பா" என்றார். நான் என் வேலை சம்பந்தமாக ஒரு தலைப்பைச் சொன்னேன். "மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாடி உனக்கு டைம் குடுத்திருக்கேன். இந்தத் தலைப்புக்கு யாரும் முழிச்சிருக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டார். பிறகு, போனை வைக்கும் சமயத்தில், "அது இருக்கட்டும், என் பையன் லேப்டாப் ரொம்ப ஸ்லோவா இருக்கு. எஸ்.எஸ்.டி. போடணுங்கிறான். எதை வாங்கறது?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்ல அரை மணி நேரம் ஆயிற்று. கடைசியில் அவரே, "அட, இதையே வந்து பேசுப்பா" என்று உத்தரவு போட்டுவிட்டார். ஆக, இன்றைய தலைப்புக்கு முழுப் பொறுப்பும் அவருடையது. தப்பு இருந்தால் மட்டும் என்னுடையது.

நான் 2007-ல் இந்தக் கல்லூரிக்குள் வந்து 2011-ல் வெளியே போனவன். எங்கள் காலத்துக் கம்ப்யூட்டர் லேப் என் பேட்ச்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஸ்விட்சைப் போட்டுவிட்டு, செருப்பை வரிசையாக வைத்துவிட்டு, அட்டெண்டன்ஸில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பக்கத்து ஸிஸ்டத்துக்காரனிடம் ரெக்கார்டு நோட்டு வாங்கிப் பார்த்துவிட்டுத் திரும்பினாலும் திரையில் அந்தப் பச்சைக் கோடுதான் ஓடிக்கொண்டிருக்கும். அப்போது நாங்கள் பிராசஸரைத் திட்டினோம். ராம் போதவில்லை என்று திட்டினோம். லேப் அஸிஸ்டெண்ட் எங்களைத் திட்டினார். உண்மையான குற்றவாளி பெட்டிக்குள்ளே 'கிர்ர்' என்று சுற்றிக்கொண்டிருந்தான். அவன் பெயர் ஹார்ட் டிஸ்க்.

அவனைக் குறை சொல்வதும் நியாயமில்லை. அவன் ஓர் இயந்திரம். லேப்டாப் ஹார்ட் டிஸ்க்கின் தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள், ஒரு சுற்றுக்கு சுமார் 11 மில்லி செகண்டு. நமக்கு வேண்டிய தகவல் தலைக்கு நேராக வர சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். தலையைத் தாங்கும் கை நகரும் நேரத்தையும் சேர்த்தால், ஒவ்வொரு துண்டுத் தகவலுக்கும் 15 மில்லி செகண்டு போல ஆகும். விநாடிக்கு 60, 70 துண்டுதான். கம்ப்யூட்டர் விழித்தெழுவதற்கோ ஆயிரக்கணக்கான சின்னச் சின்னத் துண்டுகள் வேண்டும். நம் நூலகத்தில் ஒவ்வொரு புத்தகத்துக்கும் அட்டெண்டர் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் எடுத்து வந்தால் எப்படியோ, அப்படி.

எஸ்.எஸ்.டி. என்கிற திண்மநிலை டிரைவில் சுற்றுவது எதுவும் இல்லை, நகர்வது எதுவும் இல்லை. எல்லாம் சிலிக்கான் சில்லுகள். ஒரு துண்டை எடுக்க 0.1 மில்லி செகண்டு அல்லது அதற்கும் குறைவு. நூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். ஐந்து வருடப் பழைய லேப்டாப் திடீரென்று இளமை திரும்பியது போல் ஓடுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

சரித்திரம் இரண்டே வரி. இதற்கு ஆதாரமான 'நாண்ட் ஃபிளாஷ்' நினைவகத்தை ஜப்பானின் தோஷிபா கம்பெனியில் ஃபுஜியோ மசுவோகாவும் அவர் குழுவினரும் 1987-ல் உலகத்துக்குக் காட்டினார்கள். 1991-ல் இன்று ஸான்டிஸ்க் என்று நாம் அறிகிற கம்பெனி ஐ.பி.எம்.முக்கு ஒரு ஃபிளாஷ் டிரைவ் செய்து கொடுத்தது. கொள்ளளவு 20 எம்.பி., விலை சுமார் 1,000 டாலர். இன்று கல்யாண வீட்டிலிருந்து நமக்கு அனுப்பும் ஒரு சின்ன வீடியோவே அதைவிடப் பெரியது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இன்றைக்குக் கடையில் கிடைக்கும் சின்ன டிரைவின் பெயர் எம்.2. நம் ஆள்காட்டி விரல் அளவுதான் இருக்கும். 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம். அதனால்தான் அதற்கு 2280 என்று பெயர். முதல் இரண்டு எண் அகலம், மிச்சம் நீளம். 2230, 2242, 2260, 22110 என்றும் உண்டு. சில மெல்லிய லேப்டாப்களிலும் கையடக்க விளையாட்டுக் கம்ப்யூட்டர்களிலும் 2230 தான் உள்ளே போகும். 80 மில்லிமீட்டர் டிரைவை வாங்கிக்கொண்டு வந்து 30 மில்லிமீட்டர் இடத்துக்குள் தள்ள முடியாது. அரிவாளும் உதவாது.

ஆகவே என் முதல் புத்திமதி: கடைக்குப் போவதற்கு முன்னால் லேப்டாப்பின் மூடியைத் திறந்து பாருங்கள். திறக்கப் பயமாக இருந்தால், அடியில் ஒட்டியிருக்கும் மாடல் நம்பரை எழுதிக்கொண்டு, தயாரிப்பாளரின் ஸர்வீஸ் மேனுவலைத் தேடிப் படியுங்கள். எந்த நீளம், எத்தனை ஸ்லாட், எந்த வகை என்று அதில் போட்டிருக்கும்.

இந்தப் புத்திமதியை நான் காசு கொடுத்து வாங்கினேன். 2018-ல் ஆபீசில் கூட வேலை பார்த்த ஒரு தம்பியின் லேப்டாப்புக்கு நானே முன்வந்து டிரைவ் வாங்கிக் கொடுத்தேன். "அண்ணன் பார்த்துக்கறேன், நீ சும்மா இரு" என்று வேறு சொல்லிவிட்டேன். நல்ல டிரைவ், வேகமான டிரைவ். ஸ்லாட்டில் கச்சிதமாக உட்கார்ந்தது. ஸ்க்ரூவும் போட்டாயிற்று. ஆனால் பயாஸைத் திறந்து பார்த்தால், அப்படி ஓர் ஆள் இந்த வீட்டில் குடியில்லை என்கிறது. கழற்றி மாட்டினேன், ஊதி மாட்டினேன், சாமி கும்பிட்டும் மாட்டினேன். ஊஹூம். பாக்கெட் பிரித்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.

என்ன காரணம்? எம்.2 என்பது வாசற்படியின் அளவு மட்டும்தான். அந்த வாசலுக்குப் பின்னால் இரண்டு விதமான பாதை இருக்கலாம். ஒன்று பழைய சாட்டா பாதை. இன்னொன்று பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் பாதை. அதில் பேசும் மொழிக்கு என்.வி.எம்.இ. என்று பெயர். அந்தத் தம்பியின் லேப்டாப்பில் வாசல் எம்.2, பாதை சாட்டா மட்டும். நான் வாங்கியது என்.வி.எம்.இ. டிரைவ். விரலில் மோதிரம் சரியாகப் போய்விட்டது, ஆனால் கல்யாணம் வேறு ஊரில்!

டிரைவின் தங்க நிற முனையில் ஒரு வெட்டு இருந்தால் பெரும்பாலும் என்.வி.எம்.இ., இரண்டு வெட்டு இருந்தால் பெரும்பாலும் சாட்டா. 'பெரும்பாலும்' என்று சொல்வதைக் கவனியுங்கள். ஒரு வெட்டு உள்ள சாட்டாவும் உண்டு, இரண்டு வெட்டு உள்ள என்.வி.எம்.இ.யும் உண்டு. வெட்டை எண்ணி வாங்காதீர்கள், அட்டையில் எழுதியிருப்பதைப் படித்து வாங்குங்கள்.

இரண்டு பாதைக்கும் வேக வித்தியாசம் என்ன? சாட்டா விநாடிக்கு 6 ஜிகாபிட். நடைமுறையில் விநாடிக்கு 550 எம்.பி. போலத்தான் கிடைக்கும். பி.சி.ஐ. எக்ஸ்பிரஸில் நான்கு வழித்தடங்கள். மூன்றாம் தலைமுறையில் சுமார் 3,500 எம்.பி., நான்காம் தலைமுறையில் 7,000-க்கு மேல், ஐந்தாம் தலைமுறையில் 14,000 வரை. 2011-ல் வந்த என்.வி.எம்.இ.யின் இன்னொரு சௌகரியம் வரிசை. சாட்டா டிரைவோடு பேசும் பழைய முறையில் ஒரே க்யூ, அதில் 32 கட்டளைகள். ரேஷன் கடை மாதிரி. என்.வி.எம்.இ.யில் 64,000-க்கும் மேற்பட்ட க்யூக்கள் வைத்துக்கொள்ள வழி உண்டு.

டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு எச்சரிக்கை. 2014-க்கு முந்தைய பல மதர்போர்டுகள் என்.வி.எம்.இ. டிரைவிலிருந்து பூட் ஆகாது. அடாப்டர் கார்டு போட்டு மாட்டினால் டேட்டா வைத்துக்கொள்ளலாம், விண்டோஸ் அதிலிருந்து எழுந்திருக்காது. இன்னொன்று, சில போர்டுகளில் எம்.2 ஸ்லாட்டை உபயோகித்தால் ஒன்றிரண்டு சாட்டா போர்ட்டுகள் செத்துவிடும். "புதுசு போட்டேன், பழசு காணாமப் போச்சு" என்று அலறாதீர்கள். மேனுவலில் சின்ன எழுத்தில் போட்டிருப்பான்.

எம்.2 ஸ்லாட்டே இல்லாத பழைய லேப்டாப் வைத்திருக்கும் மாணவர்கள் மனம் தளர வேண்டாம். ஹார்ட் டிஸ்க் இருந்த அதே இடத்தில் உட்காரும் 2.5 அங்குல சாட்டா எஸ்.எஸ்.டி. இருக்கிறது. ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அதற்கு மாறும்போது கிடைக்கும் சந்தோஷம்தான் பெரிய சந்தோஷம். அதற்குப் பிறகு சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறுவது சின்ன சந்தோஷம். மூன்றாம் தலைமுறையிலிருந்து ஐந்துக்கு மாறினால், சாதாரண வேலை பார்ப்பவர் ஸ்டாப் வாட்ச் வைத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் தெரியும். பெட்டி மேல் பெரிதாகப் போட்டிருக்கும் எண், ஒரே பெரிய ஃபைலை நீளமாகப் படிக்கும் வேகம். நாம் நாள் முழுக்கச் செய்வது சின்னச் சின்னத் துண்டுகளை எடுப்பது. நேஷனல் ஹைவேயில் 140-ல் போகும் கார், நம்ம கடைத்தெருவில் எப்படிப் போகுமோ அப்படித்தான்.

மேலும், நான்காம் தலைமுறை டிரைவை மூன்றாம் தலைமுறை ஸ்லாட்டில் போட்டால் வேலை செய்யும், ஆனால் மூன்றாம் தலைமுறை வேகத்தில்தான். ஐந்தாம் தலைமுறை டிரைவ்கள் நன்றாகச் சூடாகும், ஹீட் ஸிங்க் வேண்டும். சூடு ஏறினால் டிரைவ் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். லேப்டாப்பில் காற்றே போகாத இடத்தில் அதை வைத்துவிட்டு, நம்ம ஊர் மே மாதத்தில் மெத்தை மேல் வைத்து வேலை பார்த்தால், கொடுத்த காசு ஆவியாகப் போகிறது என்று அர்த்தம்.

அடுத்து, சில்லுக்குள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஃபிளாஷ் நினைவகத்தில் ஒவ்வொரு செல்லும் மின்னூட்டத்தைப் பிடித்து வைக்கும் ஒரு குட்டி டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலியா, நிறைந்திருக்கிறதா என்று இரண்டே நிலை பார்த்தால் ஒரு பிட். அது எஸ்.எல்.சி. நான்கு நிலை பார்த்தால் இரண்டு பிட், எம்.எல்.சி. எட்டு நிலை என்றால் மூன்று பிட், டி.எல்.சி. பதினாறு நிலை என்றால் நான்கு பிட், க்யூ.எல்.சி. ஒரே டம்ளரில் பதினாறு கோடு போட்டு, தண்ணீர் எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்ப்பது எவ்வளவு சிரமம்! எழுதவும் நேரமாகும், தேய்மானமும் அதிகம். ஆனால் விலை மலிவு. இன்றைக்குக் கடையில் நடுத்தர டிரைவ்கள் டி.எல்.சி., மலிவு டிரைவ்கள் பலவும் க்யூ.எல்.சி.

மலிவு டிரைவ் முதலில் வேகமாகத்தான் தெரியும். ஏனென்றால் கொஞ்சம் இடத்தை எஸ்.எல்.சி. போல உபயோகித்து, வந்த சாமானை முதலில் திண்ணையில் இறக்கி வைக்கிறது. பிறகு சாவகாசமாக உள்ளே எடுத்துப் போகும். திண்ணை நிறைந்துவிட்டால்? வேகம் தடாலென்று விழும். பெரிய பெரிய ஃபைல்களைத் தொடர்ந்து காப்பி செய்தால், சில க்யூ.எல்.சி. டிரைவ்கள் ஹார்ட் டிஸ்க் வேகத்துக்கே இறங்கிவிடும். வீடியோ எடிட் செய்கிறவர்கள் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது. ப்ரௌஸிங், கோடிங், டாக்குமெண்ட் என்று இருப்பவர்களுக்கு இது பெரிய குறையாகத் தெரியாது.

எந்தத் தகவல் எந்தச் சில்லில் இருக்கிறது என்று டிரைவ் ஒரு வரைபடம் வைத்திருக்கும். நல்ல டிரைவில் அந்த வரைபடத்துக்கென்றே தனியாக டி-ராம் இருக்கும். மலிவானதில் இருக்காது. டி-ராம் இல்லாத என்.வி.எம்.இ. டிரைவ் கம்ப்யூட்டரின் ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கிக்கொள்ளும், அதற்கு ஹோஸ்ட் மெமரி பஃபர் என்று பெயர். சாதாரண உபயோகத்துக்கு இது போதும். ஆனால் சாட்டா டிரைவுக்கு இந்தக் கடன் வசதி கிடையாது. அதனால் சாட்டா வாங்குகிறவர்கள் டி-ராம் உள்ளதாகக் கிடைத்தால் நூறு, இருநூறு கூடுதலானாலும் அதை வாங்குங்கள்.

ஃபிளாஷுக்கு இன்னொரு குணம் உண்டு. எழுதியதன் மேலேயே எழுத முடியாது, முதலில் அழிக்க வேண்டும். எழுதுவது பக்கம் பக்கமாக, ஆனால் அழிப்பது பெரிய தொகுதியாகத்தான். கரும்பலகையில் ஒரே ஒரு வார்த்தையை மாற்ற, மிச்சத்தை எல்லாம் இன்னொரு பலகையில் எழுதிவிட்டு இதை முழுக்கத் துடைப்பது போல. அதற்குக் காலிப் பலகை வேண்டும். ஆகவே டிரைவை விளிம்பு வரை நிரப்பாதீர்கள். பத்து, பதினைந்து சதவீதமாவது காலியாக விடுங்கள். எந்தெந்த இடம் இனி வேண்டாம் என்று டிரைவுக்குச் சொல்லும் 'டிரிம்' கட்டளை விண்டோஸில் 2009-ல் விண்டோஸ் 7-ஓடு வந்தது. அது தானாகவே நடக்கும். பழைய பழக்கத்தில் யாரும் டீஃப்ராக் செய்ய வேண்டாம்.

கொள்ளளவு பற்றி ஒரு புகார் அடிக்கடி வரும். "ஒரு டி.பி. வாங்கினேன், 931 ஜி.பி.தான் காட்டுது, ஏமாத்திட்டான்" என்று. யாரும் ஏமாற்றவில்லை. கடைக்காரன் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறான், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பழைய மரக்காலுக்கும் லிட்டருக்கும் உள்ள தகராறு போலத்தான்.

"எழுதி எழுதித் தேஞ்சு போயிடுமாமே?" என்பது அடுத்த பயம். தேயும், உண்மை. டி.எல்.சி. வகையில் பிரபலமான பல 1 டி.பி. டிரைவ்களுக்கு 600 டி.பி. எழுதும் வரை, அல்லது 5 வருடம், எது முந்துகிறதோ அதுவரை என்று வாரண்டி தருகிறார்கள். தினமும் 30 ஜி.பி. எழுதினால் கூட 600 டி.பி. தீர 20,000 நாள் ஆகும். 54 வருடத்துக்கு மேல்! நாம் ரிட்டையராகிவிடுவோம். ஆகையால் தேய்மானத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

அப்படியானால் எஸ்.எஸ்.டி. சாகாதா? சாகும். தேய்ந்து சாவதை விடத் திடீரென்று சாவதுதான் நம்மைக் கவிழ்க்கும். இங்கேதான் என் இரண்டாவது கதை. இதைச் சொல்லலாமா வேண்டாமா என்று யோசித்தேன். தம்பி தங்கைகளுக்குப் பிரயோஜனப்படும் என்றால் சொல்வதில் வெட்கமில்லை.

என் அப்பா 2018-ல் காலமானார். அவருடைய கடைசி இரண்டு வருடப் படங்கள், வீடியோக்கள் எல்லாம் வீட்டு லேப்டாப்பில் இருந்தன. 2020-ல், வீட்டிலிருந்தே வேலை என்று ஆனபோது, அந்த லேப்டாப் இழுத்துக்கொண்டு கிடந்தது. அவசரத்தில், அதுவரை பெயரே கேட்டிராத ஒரு மலிவு டிரைவை வாங்கி மாட்டினேன். என்ஜினீயர் என்று பெயர், பெட்டி மேல் இருந்த வேகத்தை மட்டும்தான் படித்தேன். எல்லா ஃபைலையும் அதற்கு மாற்றினேன். லேப்டாப் பறந்தது. பழைய ஹார்ட் டிஸ்க்கை முழுசாகத் துடைத்து, பக்கத்து வீட்டுப் பையனுக்குக் கொடுத்துவிட்டேன். தாராள மனசு!

ஏழு மாதம் கழித்து ஒரு காலையில் லேப்டாப்பைத் திறந்தால், பூட் செய்ய டிரைவ் எதுவும் இல்லை என்று ஒற்றை வரி. முந்தின ராத்திரி வரை நன்றாக ஓடியது. ஹார்ட் டிஸ்க் சாகப் போகிறது என்றால் பல தடவை 'டக் டக்' என்று சத்தம் போடும், முக்கும், முனகும், நாலு ஃபைலைத் திறக்க மறுக்கும். நமக்கு அவகாசம் கிடைக்கும். எஸ்.எஸ்.டி.யிடம் அந்த மரியாதையை எதிர்பார்க்க முடியாது. டேட்டா மீட்கும் இரண்டு இடங்களுக்குக் கொண்டுபோனேன். கன்ட்ரோலர் போய்விட்டது என்றார்கள். தகவலை அந்தக் கன்ட்ரோலர்தான் துண்டு துண்டாகக் கலைத்து, குழப்பிச் சில்லுகளில் வைத்திருக்கிறது. அது இல்லாமல் சில்லைக் கழற்றிப் படித்தாலும் ஒன்றும் புரியாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

வாரண்டி இருந்தது. பத்தே நாளில் புது டிரைவ் கொடுத்துவிட்டார்கள். அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் வாரண்டி டிரைவுக்குத்தான், உள்ளே இருந்ததற்கு இல்லை.

அம்மாவிடம் சொல்லாமலே இருந்தேன். அடுத்த திதி அன்றைக்கு, "அப்பா ஊஞ்சல்ல உட்கார்ந்து பாடினாரே, அந்த வீடியோவைப் போடுடா" என்றாள். சொல்ல வேண்டியதாயிற்று. அம்மா கோபப்படவில்லை. "உனக்குத்தான் கம்ப்யூட்டர் எல்லாம் தெரியுமேடா" என்று மட்டும் கேட்டாள். நான் வாங்கிய எந்த அரியரும் என்னை அப்படிக் குனிய வைத்ததில்லை. பிறகு சித்தப்பா மகன் போனில் வாட்ஸ்அப்பில் போன ஆறு படங்கள் கிடைத்தன. ஆறுதான்.

ஆகவே நண்பர்களே, டிரைவ் வாங்குவதற்குப் பட்ஜெட் போடும்போது, இன்னொரு பிரதிக்கும் சேர்த்துப் பட்ஜெட் போடுங்கள். 2,000 ரூபாய் மிச்சம் பிடிக்க வேண்டுமென்றால் வேகத்தில் பிடியுங்கள், பிரதியில் பிடிக்காதீர்கள். கழற்றிய பழைய ஹார்ட் டிஸ்க்கை உடனே துடைக்காதீர்கள். ஒரு யு.எஸ்.பி. உறை வாங்கிப் போட்டால் அதுவே பேக்கப் ஆகிவிடும். மூன்று பிரதி, இரண்டு விதமான சாதனம், ஒன்று வீட்டுக்கு வெளியே. இது தொழிலில் இருப்பவர்கள் சொல்லும் விதி. மூன்று முடியாவிட்டால் இரண்டாவது வையுங்கள்.

இறுதியாண்டு மாணவர்கள் யார் யார் வந்திருக்கிறீர்கள்? ப்ராஜெக்ட் முழுவதையும் ஒரே லேப்டாப்பில் மட்டும் வைத்திருப்பவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம்... சரி, கையை இறக்குங்கள். உங்கள் கைடு பார்த்துவிட்டார். இன்று ராத்திரி ஹாஸ்டலுக்குப் போனதும் முதல் வேலையாக ஒரு பிரதி எடுத்துவிடுங்கள்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம். எஸ்.எஸ்.டி.யில் படங்களை ஏற்றி பீரோவில் பூட்டி வைப்பது நல்லதல்ல. மின்சாரமே இல்லாமல் கிடந்தால் செல்லில் உள்ள மின்னூட்டம் மெல்ல மெல்லக் கசியும். சாதாரண டிரைவ்களுக்கான தொழில் தரம் எதிர்பார்ப்பது, முழு ஆயுளும் எழுதித் தீர்த்த நிலையில் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்க வேண்டும் என்பதுதான். புது டிரைவ் அதைவிட அதிக நாள் தாங்கும். இருந்தாலும் பீரோவுக்கு ஹார்ட் டிஸ்க்தான் ஏற்றது.

வாங்கும் இடம் பற்றி. விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குவதால் நான் தொகை எதுவும் சொல்லவில்லை. ஆனால் சந்தை விலையில் பத்தில் ஒரு பங்குக்கு '16 டி.பி.' என்று யாராவது விற்றால் அந்தத் தெருப் பக்கமே போகாதீர்கள். உள்ளே ஒரு சின்ன மெமரி கார்டு இருக்கும், பொய் சொல்லும்படி புரோகிராம் செய்திருப்பார்கள். எழுத எழுத வாங்கிக்கொள்ளும், திரும்பக் கேட்டால் இருக்காது. எச்2டெஸ்ட்டபிள்யூ, எஃப்3 போன்ற இலவச மென்பொருள்கள் முழுக்க எழுதிப் படித்து உண்மையைக் காட்டிவிடும். கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒன்று இருக்கிறது, டிரைவ் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று சொல்லும். புது டிரைவ் 4,000 மணி நேரம் ஓடியிருந்தால் அது புதுசல்ல என்று நான் சொல்ல வேண்டியதில்லை. வருடமும் எழுதும் அளவும் தெளிவாகப் போட்ட வாரண்டி, பில், நாட்டுக்குள்ளேயே ஸர்வீஸ் இந்த மூன்றும் இருக்கிற கம்பெனியாகப் பார்த்து வாங்குங்கள்.

மாட்டுவது பெரிய வித்தையல்ல. லேப்டாப்பில் பிட்லாக்கர் போட்டிருந்தால் முதலில் ரெகவரி கீயை எடுத்து எழுதி வையுங்கள். சார்ஜரைக் கழற்றி, பேட்டரி இணைப்பையும் கழற்றி, ஏதாவது உலோகத்தைத் தொட்டுவிட்டு, டிரைவைச் சாய்வாக ஸ்லாட்டில் செருகி, அமுக்கி, ஸ்க்ரூ போட வேண்டும். அந்த ஸ்க்ரூ கடுகு சைஸில் இருக்கும். தரையில் விழுந்தால் அன்றைய பொழுது போயிற்று. கீழே ஒரு வெள்ளைத் துண்டை விரித்துக்கொள்ளுங்கள்.

சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய ஹார்ட் டிஸ்க் லேப்டாப் வைத்திருக்கும் மாணவருக்கு 500 ஜி.பி. சாட்டா போதும், ராம் 4 ஜி.பி. மட்டும் இருந்தால் அதையும் 8 ஆக்குங்கள். என்.வி.எம்.இ. ஸ்லாட் உள்ள லேப்டாப்புக்கு 1 டி.பி., டி.எல்.சி., மூன்றாம் அல்லது நான்காம் தலைமுறை, டி-ராம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. மெல்லிய லேப்டாப் என்றால் ஒரு பக்கம் மட்டும் சில்லு உள்ள டிரைவ். வீடியோ, பெரிய டேட்டாபேஸ் என்று வேலை பார்ப்பவருக்கு டி-ராம் உள்ள டி.எல்.சி. டிரைவ், இடமும் தாராளமாக. போர்டிலேயே சில்லைப் பற்றவைத்துவிட்ட லேப்டாப் வாங்குகிறவர், பிறகு மாற்ற வழியில்லை என்று தெரிந்து ஆரம்பத்திலேயே தேவையான அளவு வாங்கிவிட வேண்டும்.

கடைசியாக, அண்ணன் அக்காமார்களுக்கு ஒரு வேண்டுகோள். விண்டோஸ் 10-க்கான சாதாரண ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏறாது என்று சொல்லி எத்தனையோ வீட்டுப் பரணில் லேப்டாப்கள் தூங்குகின்றன. ஒரு எஸ்.எஸ்.டி.யும் லினக்ஸும் போட்டால் அவற்றில் பல இன்னும் நாலு வருடம் ஒரு மாணவருக்கு உழைக்கும். குடும்பத்தில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்து, போனிலேயே ப்ரோகிராம் எழுதிப் பார்க்கும் பிள்ளைகள் இந்த வளாகத்திலேயே இருக்கிறார்கள் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். பழைய லேப்டாப்பைக் கொண்டு வாருங்கள். ஆனால் உள்ளே இருக்கும் டிரைவைக் கழற்றி உங்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். அதில் உங்கள் வீட்டுப் படங்கள் இருக்கும், பாங்க் விவரங்கள் இருக்கும், நீங்கள் மறந்துபோன ஊஞ்சல் வீடியோ ஒன்றும் இருக்கலாம். எங்களுக்கு வெறும் கூடு போதும். முதல் பத்து லேப்டாப்புக்குப் புது டிரைவ் எங்கள் 2011 பேட்ச் போடுகிறது. நண்பர்களிடம் கேட்காமலே மேடையில் அறிவித்துவிட்டேன், வெளியே போனதும் என்னை உதைப்பார்கள். மாட்டும் வேலையை மாணவர்களே செய்யட்டும், நான் கூட இருந்து கடுகு சைஸ் ஸ்க்ரூவைத் தேடிக் கொடுக்கிறேன்.

சாப்பாட்டு வாசனை வர ஆரம்பித்துவிட்டது. இதற்கு மேல் பேசினால் பாவம்.